மாப்பிள்ளை வண்டிக்கு எண்ணெய்க் குளியல்

சத்தியமாச் சொல்றேனுங்க தம்பி, இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. இந்த பஸ் மேல சத்தியம். டிரைவர் தலைக்கு மேலே மாலை போட்டு வெச்சிருக்காங்களே, அந்தச் சாமி படத்து மேல சத்தியம். எந்தச் சாமின்னு என் கண்ணுக்கு இங்கிருந்து தெரியலை. எதுவா இருந்தாலும் அது மேல சத்தியம். ஏன் முன்கூட்டியே சத்தியம் பண்றேன்னா, பாதியில நிறுத்தி, "ஏனுங்க பெரியவரே, இது நடக்கிற காரியமா?"ன்னு கேட்கிற ஆளுங்களைக் கண்டா எனக்கு ஆகாது. நடந்துச்சு. நான் அங்கேதான் இருந்தேன். இருந்தேன் என்ன, நடத்தினதே நான்தான்.

நீங்க பேண்ட் ஓரத்துக் கறுப்பைக் கைக்குட்டையில தேய்ச்சுட்டே வர்றீங்க பாருங்க, அதைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தேன். செயினுக்கு அடிக்கிற ஸ்பிரே தானுங்களே? தெரியும். விட்டுடுங்க. அது தேய்க்கத் தேய்க்கக் குடும்பமாப் பெருகும். அந்தக் கறுப்பைப் பத்தி இந்தத் தாராபுரம் தாலுகாவுல என்னைவிடத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லை. பேரு நாச்சிமுத்து. ஊரு காளிபாளையம்.

எங்க மாப்பிள்ளை பேரு தெய்வசிகாமணி. பல்லடத்துல நூல் கம்பெனியில வேலை. தங்கமான மனுசன், அதிர்ந்து பேசமாட்டார். ஒரே ஒரு பைத்தியம், மோட்டார் சைக்கிள். தாலி கட்டுறப்பக்கூட ஒரு கண்ணு என் பொண்ணு கோகிலா கழுத்து மேல, இன்னொரு கண்ணு மண்டபத்து ஜன்னல் வழியா வண்டி மேல. பல்லு விளக்குற பிரஷ் ஒண்ணு தனியா வெச்சு அந்த வண்டியோட சந்து பொந்தெல்லாம் விளக்குவார். கோகிலா போன்ல சொல்லும், "அப்பா, அவரு என்னைப் பார்த்து ஒரு நாளாச்சும் 'இங்க ஒரு தூசி இருக்குது'ன்னு ஊதி விட்டிருப்பாரா?"ன்னு.

அந்த மாப்பிள்ளை தலை ஆடிக்கு வர்றார். கல்யாணம் முடிஞ்ச முதல் ஆடி. உங்களுக்குத் தெரியாததா, அன்னிக்கு மாப்பிள்ளை முகம் சுண்டக்கூடாது. சுண்டினால் போச்சு. என் வீட்டுக்காரி மயிலாத்தாளுக்கு அதுல ஒரு பெரும் பயம். அவ அக்கா வீட்டு மாப்பிள்ளை, இதே தலை ஆடியில, வடை ஆறிப்போச்சுன்னு எழுந்து போனவன். போனவன் போனவன்தான். இன்னிக்கு வரைக்கும் படி மிதிக்கலை, பொண்ணையும் அனுப்பலை. அந்தம்மா இன்னமும் சாயங்காலம் ஆனா வடை சுட்டு, ஆறாம இருக்க வாழையிலை போட்டு மூடி, வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்குது. அதைப் பார்த்துப் பார்த்து இவளுக்கு உள்ளுக்குள்ள ஒரு நடுக்கம். "நம்ம பொண்ணும் அந்த மாதிரி வராமப் போயிட்டா நான் உசுரோட இருக்கமாட்டேனுங்க"ன்னு ஆனி பொறந்ததிலிருந்து சொல்லிட்டு இருந்தா.

ஆடி ஒண்ணு காலையில மாப்பிள்ளையும் பொண்ணும் வந்து இறங்கினாங்க. இறங்கினதும் மாப்பிள்ளை எங்களைப் பார்க்கலை, பின்சக்கரத்தைப் பார்த்தார். பார்த்துட்டு, "ச்சு"ன்னார்.

அவ்வளவுதான் சொன்னார். "ச்சு." மயிலாத்தா சுத்திட்டு இருந்த ஆரத்தியைப் பாதியிலயே நிறுத்திட்டா.

என்னன்னு குனிஞ்சு பார்த்தேன். புறப்படுற அவசரத்துல செயினுக்கு ஸ்பிரே அடிச்சிருக்கார். அதை முந்தின நாளே அடிச்சு ஊற விட்டிருக்கணுமாம். அடிச்ச கையோட வண்டியை முறுக்கினதுல, செயின் சுத்தச் சுத்த அது தெறிச்சு, பளபளன்னு இருந்த சக்கரம் பூரா அட்டக்கறுப்பு. அது மேல பல்லடத்திலிருந்து காளிபாளையம் வரைக்கும் உள்ள புழுதி அத்தனையும் வந்து குடியேறியிருக்குது. தொட்டால் அல்வா மாதிரி இழுக்குது.

"மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுடலாமுங்க மாப்பிள்ளை"ன்னேன்.

"ஐயோ, வேண்டாமுங்க மாமா. செயினுக்குள்ள ரப்பர் வளையம் இருக்குது, கெட்டுப்போயிரும். அதுக்குன்னு ஒரு பாட்டில் வீட்ல இருக்குதுங்க. போய்த் துடைச்சுக்கிறேன். நீங்க சிரமப்படாதீங்க."

எவ்வளவு வருத்தம் இருந்தா இப்படிப் பேசுவார்னு யோசிச்சுப் பாருங்க! சிரமப்படாதீங்கன்னா என்ன அர்த்தம்? சிரமப்படுங்கன்னு அர்த்தம். மாப்பிள்ளைங்க எதையும் நேராக் கேட்கமாட்டாங்க. நாமதான் புரிஞ்சுக்கணும்.

அப்புறம் முறைப்படி மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல். மரச்செக்கு நல்லெண்ணெயில சீரகம், மிளகு, பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி வெச்சிருந்தா மயிலாத்தா. உச்சந்தலையில நானே மூணு கை வெச்சேன். எண்ணெய் போக அரப்பு இலைப்பொடி தேய்ச்சுக் குளிச்சு, நாங்க எடுத்துக் கொடுத்த பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டு, இலை முன்னாடி உட்கார்ந்தார். ஒப்பிட்டு, கச்சாயம், பச்சைப்பயிறு கடைசல், எதுவும் பாக்கியில்லை. சாப்பிட்டார். போய்ப் படுத்தார். குறட்டை கேட்டுச்சு.

எனக்கு நிம்மதி. ஆனா மயிலாத்தா சமையல்கட்டிலிருந்து வந்து காதுல சொல்றா, "மாப்ளைக்கு மொகம் சரியில்லீங்க."

"சிரிச்சுட்டே தானே சாப்பிட்டார்?"

"அது வெளிச் சிரிப்புங்க. உள்ளுக்குள்ள அந்தச் சக்கரமேதான். அதோட ஊருக்குப் போனா மனசுல தங்கிரும். எங்கக்காளுக்கு வடை. எனக்குச் சக்கரமா?" கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

இந்த நேரம் பார்த்து மச்சான் ரங்கசாமி வந்து சேர்ந்தான். மயிலாத்தாளோட தம்பி. எங்க மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. வருசா வருசம் ஆடியில தலையில பரிவட்டம் கட்டுற பெருமை அவனுக்குத்தான். அன்னிக்கும் அதுக்காகத்தான் எங்க வீதி வழியா விறைப்பா நடந்து போயிட்டு இருந்தான். வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "டீசலை ஊத்தி நெருப்பு வெச்சுருங்க மாமா, சுத்தமாயிரும்"ன்னான். அவன் புத்தி அவ்வளவுதான்.

நான் யோசிச்சேன். தம்பி, நீங்களும் யோசிச்சுப் பாருங்க. பலாப்பழம் அறுக்கிறோம். கையில பால் ஒட்டிக்குது. சோப்பு போட்டாப் போகுதா? தண்ணிக்குப் போகுதா? எண்ணெய் தடவினா உருண்டு வந்துடுது. ஒட்டுறதை எடுக்க எண்ணெய். எண்ணெயை எடுக்க அரப்பு. இதுக்கு எதுக்குங்க பாட்டில்? மாப்பிள்ளைக்குக் காய்ச்சின எண்ணெய் கிண்ணத்துல பாதிக்கு மேல இருக்குது. மாப்பிள்ளைக்கு எதுவோ, மாப்பிள்ளை வண்டிக்கும் அதுவே.

கோகிலா ஓடி வந்துச்சு. "அப்பா, தொடாதீங்கப்பா. நானே இன்னும் அதைத் தொட்டதில்லை!"

"நீ போய், நோம்பிக்குச் சுடுற தேங்காய்க்கு வெல்லம் இடி கண்ணு. ஆம்பளைங்க காரியம்"ன்னு அனுப்பிட்டேன்.

பெரிய ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். சக்கரத்தை ஒரு கையால சுத்திக்கிட்டே இன்னொரு கையால எண்ணெய் விட்டேன். ஊற வெச்சேன். ஊறணும், அதுதான் முக்கியம். வெத்தலை போட்டுத் துப்புற நேரம் பொறுத்தேன். காஞ்ச பீர்க்கங்காய்க் கூட்டால லேசா ஒரு இழுப்பு. தம்பி, பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி அந்தக் கறுப்பு மொத்தமாக் கழண்டு கீழே விழுந்துச்சு. விழுந்ததை எங்க நாய் மோந்து பார்த்துட்டுத் தும்மினது தும்மினதுதான், ஆவணி வரைக்கும் நிக்கலை. அப்புறம் அரப்பை வடிகஞ்சியில கரைச்சு ஒரு தேய்ப்பு, ஒரு குடம் தண்ணி. சக்கரம் எப்படி மின்னுச்சுங்கறீங்க! எங்க சேவல் அதுல தன்னைப் பார்த்துட்டு, எவன்டா இவன் நம்ம வாசல்லன்னு சண்டைக்குப் போய் அலகு வளைஞ்சுது. ரங்கசாமி குனிஞ்சு மீசையை ஒதுக்கிக்கிட்டான். சக்கரத்துல பட்ட வெயில் திரும்பி எதிர்வீட்டுக் கூரையில பட்டு அங்கே காயப்போட்டிருந்த வத்தல் பொரிஞ்சே போச்சு. வறுக்கிற வேலை மிச்சம்னு அந்த வீட்டம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க.

அத்தோட நிறுத்தியிருக்கலாம்னு இன்னிக்கு ஆளாளுக்குச் சொல்றாங்க. எப்படிங்க நிறுத்துறது? கிண்ணத்துல எண்ணெய் இருக்குது. ஒரு ஆளைக் குளிக்கக் கூட்டிட்டு வந்து, பின்னங்காலை மட்டும் கழுவி, "போயிட்டு வா"ன்னு அனுப்பினா அது குளியலா? தலையிலிருந்து ஆரம்பிச்சேன். ரெண்டு கைப்பிடிக்கும் நல்லா நீவி விட்டேன். சீட்டுக்குத் தாராளமா. கால் வைக்கிற கட்டைக்கு, கியருக்கு. ரெண்டு சக்கரத்துலயும் நடுவுல வட்டமா ஓட்டை ஓட்டையா ஒரு தகடு இருக்குதுங்களே, பாவம் வறண்டு போய்க் கிடந்துச்சு, அதுக்கு ரெண்டு பக்கமும். டயருக்குக்கூட ஒரு கை. சாவி போடுற துவாரம்தான் உச்சி, அதுல மூணு சொட்டு விட்டு லேசாத் தட்டிக் கொடுத்தேன். மிளகு, பூண்டு போட்ட எண்ணெய், சளி பிடிக்காது. கடைசியா ஒரு தட்டுல நெருப்பள்ளி சாம்பிராணி போட்டு வண்டியைச் சுத்திப் புகை காட்டினேன். வெயில்ல ஊறட்டும்னு விட்டுட்டு, அரப்பு தீர்ந்துபோச்சே, இன்னும் ஒரு சட்டி எடுத்து வரலாம்னு உள்ளே போனேன்.

நான் சட்டியோட திரும்பி வர்றப்பவே, அந்தச் சாம்பிராணி வாசத்துக்கு மாப்பிள்ளையும் எழுந்து வந்துட்டார்.

வந்தவர் வாசப்படியிலேயே நின்னுட்டார். நடந்து வந்து சீட்டைத் தொட்டார். விரலை மோந்து பார்த்தார். மறுபடியும் வண்டியைப் பார்த்தார். கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. தம்பி, எனக்கு அந்த நேரம் மனசு நிறைஞ்சுபோச்சு. பெத்த அப்பன்கூட அந்த மனுசனுக்கு இப்படி ஒரு காரியம் செஞ்சிருக்கமாட்டார்.

"மாமா... என்னங்க மாமா இது?"

"நல்லெண்ணெய்ங்க மாப்பிள்ளை. மரச்செக்கு."

"பூண்டு வாசம் வருதுங்களே மாமா?"

"உங்களுக்குக் காய்ச்சினதேதானுங்க. வேத்துமை பார்க்கலை."

விரலை வேட்டியில துடைச்சுக்கிட்டார். அப்புறம், "ரோட்டு மேல வாட்டர் வாஷ் கடை இருக்குதுங்களா?"ன்னு கேட்டார். ஆடி நோம்பி அன்னிக்குக் கடை ஏது திறந்திருக்கும்? அதை நான் சொல்றதுக்குள்ள ஏறி உட்கார்ந்துட்டார். எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. வண்டி இருக்கிற அழகுக்கு அதை ஊருக்குக் காட்டாம இருக்க முடியலை அவரால. கடை கிடைன்னு சும்மா ஒரு சாக்கு.

"அரப்பு இன்னும் போடலீங்க மாப்பிள்ளை!"ன்னு கத்தினேன். கேட்டால்தானே?

உட்கார்ந்த வேகத்துக்கு, பின்னாலிருந்து வழுக்கிட்டுப் போய் டாங்க் மேல மோதினார். வண்டி கிளம்பின வேகத்துக்கு டாங்க்கிலிருந்து வழுக்கிட்டுப் பின்னாடி வந்தார். அப்படியே முன்னாலும் பின்னாலும் நெல்லுப் புடைக்கிற மாதிரி போறார். எங்க வீதி கோயில் பக்கம் இறக்கம். வண்டி போகுது, போகுது, வேகம் பிடிக்குது. நிறுத்தப் பார்க்கிறார். நிக்கமாட்டேங்குது. அந்த ஓட்டை ஓட்டையான தகடுதான் பிரேக்குன்னு எனக்கு யாருங்க சொன்னாங்க? கால்ல மிதிச்சா கால் வழுக்குது, கையில பிடிச்சா கை வழுக்குது, முறுக்கின முறுக்குத் திரும்பி வரலை. சாவியைத் திருப்பி அணைச்சிருக்கலாமேன்னு நீங்க கேட்பீங்க. சாவித் துவாரத்துக்குத்தான் மூணு சொட்டு விட்டிருந்தேனே, சாவியும் விரல்ல வழுக்குது.

"கோகிலா!"ன்னு ஒரு சத்தம் போட்டார் பாருங்க. கல்யாணம் ஆனதிலிருந்து அவ பேரை அவ்வளவு ஆசையாக் கூப்பிட்டதே இல்லைன்னு அவளே சொன்னா.

மயிலாத்தா வாசல்ல நின்னு தலையில அடிச்சுக்கிறா. "போறாருங்க! கோவிச்சுட்டுப் போறாருங்க! சொல்லாமக் கொள்ளாம பல்லடத்துக்கே போறாருங்க! வடையைவிட வேகமாப் போறாருங்க!"

எனக்கும் சந்தேகம் வந்துருச்சு. ஒருவேளை நெசமாவே கோவமோ? பொண்ணு இனி வராதோ? அரப்புச் சட்டியை இடுப்புல இடுக்கிக்கிட்டு நானும் பின்னாடியே ஓடினேன்.

கோயில் வாசல்ல ஊரே நிக்குது. அம்மனுக்கு ஊத்தறதுக்கு மஞ்சத்தண்ணிக் குடத்தோட பொம்பளைங்க வரிசை. ரங்கசாமி பரிவட்டத்துக்குத் தலையை நீட்டிக்கிட்டு நிக்கிறான். பூசாரி துணியை எடுத்து உதறுறார். இந்த நேரத்துல மாப்பிள்ளை வண்டியோட உள்ளே நுழைஞ்சு, நேராப் போனா சுவருன்னு திருப்பி, கோயிலைச் சுத்த ஆரம்பிச்சுட்டார். வலமாத்தான் சுத்தினார். அந்த நிலைமையிலயும் இடமாச் சுத்தலை பாருங்க, அதுதான் குடும்பத்துப் பிள்ளைங்கறது.

முதல் சுத்துல எல்லாரும் பயந்து ஒதுங்கினாங்க. ரெண்டாம் சுத்துல ஒரு அம்மா, "ஐயோ, புது மாப்ளை வேண்டுதலுங்கடி!"ன்னு குலவை போட்டாங்க. அவ்வளவுதான். மூணாம் சுத்துல ஊரே குலவை. மஞ்சத்தண்ணிக் குடத்தை ஒவ்வொருத்தரா மாப்பிள்ளை தலையில கவுக்கிறாங்க. "காப்பாத்துங்க!"ன்னு அவர் கத்துறார். "காப்பாத்துவா! காப்பாத்துவா!"ன்னு ஊரே கத்துது. பின்னாடி நான் ஓடி ஓடி, சக்கரத்துல அரப்பைப் பிடி பிடியா வீசுறேன். எனக்கும் வேண்டுதல்னு நினைச்சு, ரெண்டு குடம் என் மேலயும் விழுந்துச்சு. ஊர்ல மூணு சுத்துன்னு சொல்றாங்க. ஓடினவனுக்குத்தானே தெரியும்? பதினொண்ணு.

அந்த அரப்பும் மஞ்சளும் தண்ணியும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா எண்ணெயை எடுத்துச்சு. நான் சொன்னேன்ல, எண்ணெயை எடுக்க அரப்புன்னு? கடைசிச் சுத்துல, அம்மனுக்கு நேரா வரவும், தகடு கிறீச்சுன்னு பிடிச்சுச்சு. வண்டி நின்னுச்சு. மாப்பிள்ளை நிக்கலை. சீட்டிலிருந்து வழுக்கி, டாங்க் மேல வழுக்கி, முன்சக்கரத்தைத் தாண்டி, அம்மன் சந்நிதியில முழு நீளத்துக்கு நெடுஞ்சாண்கிடையா விழுந்தார். அதே நொடி பூசாரி கற்பூரத்தைக் காட்டிட்டார். மணி அடிக்குது. எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுபோச்சு.

"அம்மன் இழுத்துட்டு வந்துட்டாடா!"ன்னு பூசாரி ஒரு கூப்பாடு. கையில இருந்த பரிவட்டத்தை எடுத்து மாப்பிள்ளை தலையில கட்டிட்டார். ரங்கசாமி நீட்டின தலை நீட்டினபடியே இருக்குது.

மாப்பிள்ளை எழுந்தார். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். மேலே பரிவட்டம். மயிலாத்தா ஓடி வந்து அவர் முகத்தையே பார்த்துட்டு நிக்கிறா. அவரு என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டு நிக்கிற ஊரைப் பார்த்தார். ஊர்ப் பெரியவங்க எல்லாரும் சேர்ந்து, "மாப்ளே, வருசா வருசம் நீங்கதான் வந்து இந்தச் சுத்து சுத்தோணும். அம்மன் உத்தரவு"ன்னாங்க. அத்தனை பேருக்கு முன்னால ஒரு மனுசன் என்னதான் சொல்வார்?

"வர்றேனுங்க"ன்னார்.

மயிலாத்தா அங்கேயே உட்கார்ந்து அழுதா. சந்தோசத்துல.

அப்போதிருந்து ஒரு ஆடி தவறினதில்லை. பொண்ணு வருது, மாப்பிள்ளை வர்றார். பஸ்ஸுலதான் வர்றார். வண்டியை எடுத்துட்டு வர்றதில்லை. நியாயம்தானே, அவ்வளவு சுத்தம் பண்ணின வண்டியைப் புழுதியில ஓட்டிட்டு வர யாருக்கு மனசு வரும்? சுத்துறதுக்கு ஊர் வண்டி ஒண்ணு ஏற்பாடு பண்ணியிருக்காங்க. அதை வலமா மெதுவா உருட்டிட்டே நடக்கிறார், ஏறறதில்லை. பக்தி. தீபாவளிக்கு வந்தாலும் எண்ணெய்க் குளியல் வேண்டாங்கறார். நான் கிண்ணத்தோட போனா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிறார். கூச்ச சுபாவம்.

இதெல்லாம் உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அம்மன் இழுத்ததுன்னுதான் எங்க ஊர்ல இருக்குது, அப்படியே இருக்கட்டும். தகட்டுல எண்ணெய்னு தெரிஞ்சா ரங்கசாமி பரிவட்டத்தைத் திருப்பிக் கேட்பான். அப்புறம் மாப்பிள்ளை எதுக்கு வரணும், பொண்ணு எதுக்கு வரும்?

பல்லடம் வந்துடுச்சுங்களா? கொஞ்சம் அந்தத் தூக்குவாளியை மேலே இருந்து எடுத்துக் கொடுங்க தம்பி. பார்த்து, பார்த்து, மூடி சரியா நிக்காது. நல்லெண்ணெய். இந்தப் பையில இருக்கிறது அரப்பு, நாலு வீட்டுக்கு ஆகும். மாப்பிள்ளை புதுசாக் காரு வாங்கியிருக்காராம். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. கோகிலா வாய் தவறிச் சொல்லிருச்சு. பெருசாம், வெள்ளையாம். அவரு கம்பெனிக்குப் போயிருக்கிற நேரமாப் பார்த்துத்தான் போறேன், திரும்பி வந்து பார்க்கிறப்ப முகம் எப்படி இருக்கும்!

வரட்டுங்களா? எங்கேயாச்சும் இந்தக் கதையைச் சொல்லணும்னு தோணினா சொல்லிக்குங்க, வேண்டாங்கலை. யார் சொன்னதுன்னு மட்டும் மூச்சு விட்டுறாதீங்க. ரொம்ப வற்புறுத்திக் கேட்டாங்கன்னா, ரங்கசாமின்னு சொல்லிருங்க.